13–15 வயதினருக்கு இணைய அடிமைத்தன அளவீடு: 3ஆம் கேள்வியை என்ன செய்வது?

உளவியலாளர் கிம்பர்லி யங்கின் இணைய அடிமைத்தனச் சோதனையைப் பள்ளி மாணவர்களிடம் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

மொத்தம் 20 கேள்விகள். 3ஆவது துணையுடனான நெருக்கம் பற்றியது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது? 7ஆவது மின்னஞ்சல் பார்ப்பது பற்றியது, இன்றைய பிள்ளைகளுக்கு அதுவும் ஒட்டாது. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண் என்பதால், 3ஐ நீக்கினால் உச்ச மதிப்பெண் 100இலிருந்து 95 ஆகிவிடும். பாதிப்பின் அளவைப் பிரிக்கும் 50, 80 என்ற வெட்டுப்புள்ளிகளை அப்படியே வைக்க முடியாது. மீதி 19இன் சராசரியை 20ஆல் பெருக்கலாம், ஆனால் அது கணக்கைச் சரிசெய்யுமே தவிர ஏற்புடைமையை (அளக்க வேண்டியதையே அளக்கிறது என்ற உறுதியை) தராது. ‘நண்பர்களுடன் நேரில் பழகுவது’ என்று மாற்றினால் 4ஆம் கேள்வியான புதிய உறவுகளோடு மோதுமோ என்ற சந்தேகமும் உண்டு.

இன்னொரு சிக்கல்: ஒரு கேள்விக்கான மதிப்பெண் சில படிவங்களில் 1–5, சிலவற்றில் 0–5. இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளின் சராசரியை ஒப்பிட்டால் முடிவு தவறிவிடும்.

கேட்க விரும்புவது:
நீக்கினீர்களா, மாற்றினீர்களா? மாற்றியபின் காரணிப் பகுப்பாய்வில் (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணிப்பில்) அந்தக் கேள்வி எப்படி நின்றது?
14 கேள்விகள் கொண்ட சியூஸ் (CIUS) என்ற கட்டாய இணையப் பயன்பாட்டு அளவீடு (மொத்த மதிப்பெண் 0–56) இந்த வயதுக்குப் பொருந்துமா?
ஆசிரியர் வகுப்பில் நின்றால் பிள்ளைகள் குறைத்தே எழுதுவார்கள். பெயரில்லாப் படிவம் கொடுத்தால், இரண்டு வாரம் கழித்து நடத்தும் மறுசோதனையை அதே பிள்ளையின் முதல் படிவத்தோடு எப்படி இணைத்தீர்கள்? தாங்களே உருவாக்கும் ரகசியக் குறியீடு போதுமா?