எத்திக்ஸ் கமிட்டி, அனிமல் ஹவுஸ்: உங்கள் அனுபவம் என்ன?

எலி, முயல் வைத்து ஆய்வு செய்தவர்கள், அந்த ஆய்வுக்கு அனுமதி தரும் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள், விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் அனிமல் ஹவுஸில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

எம்.பார்ம் முடித்தவர்:
ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவைத்து, மூலிகைச் சாறு ஒன்றைச் சோதிப்பது என் ஆய்வு. 5 குழு, குழுவுக்கு 6 விஸ்டார் எலி (ஆய்வகத்தில் வளர்க்கும் வெள்ளை எலி), ஆக 30 என்று அனுமதி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் பி-யில் எழுதியிருந்தேன். கமிட்டியில் இருந்த பேராசிரியர்கள் டோஸ் பற்றி மட்டும் கேட்டார்கள். கமிட்டியில் அறிவியல் துறை சாராத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்திருந்த பெரியவர், "தம்பி, உங்களுக்கு முன்னால் வந்த பொண்ணும் இதே நோய், இதே எலி என்றது. மருந்தே கொடுக்காத எலிகளை ரெண்டு பேரும் தனித்தனியாக ஏன் வைக்கணும்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. இருவரும் ஒரே நாளில் தொடங்கி, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைக்கும் இரண்டு கன்ட்ரோல் குழுக்களையும் பொதுவாக வைத்துக்கொண்டோம். 12 எலிகள் மிச்சம்.

கமிட்டியில் கால்நடை மருத்துவர்:
விதிப்படி எட்டுப் பேர். அந்தப் பெரியவர், வெளி நிறுவன விஞ்ஞானி, மத்தியக் குழுவின் பிரதிநிதியான நாமினி ஆகிய மூவரும், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் குழு (முன்பு சிபிசிஎஸ்இஏ, இப்போது சிசிஎஸ்இஏ) நியமிப்பவர்கள். மற்ற ஐந்து பேர் அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். சக பேராசிரியரின் ஆய்வை எதிர்த்துப் பேச யாருக்கு மனசு வரும்? அதனால் வெளியாட்கள் வாய் திறக்காத கூட்டம் வெறும் டீ, பிஸ்கட்தான். நான் வழக்கமாகக் கேட்பது ஒன்று: எடை 20 சதவீதம் குறைந்து எலி துவண்டு கிடந்தால், அதன் வேதனையை முடித்துவைக்க முடிவெடுப்பவர் யார்? அன்று ஞாயிற்றுக்கிழமை என்றால்? ஃபார்மில் 'ஆய்வாளர்' என்று இருக்கும். ஆய்வாளர் ஊருக்குப் போயிருப்பார்.

நாய், குரங்கு என்றால் கோப்பு மத்தியக் குழுவுக்கே போக வேண்டும். எலிக்கு எங்கள் கையெழுத்தே போதும்.

அனிமல் ஹவுஸ் மேற்பார்வை:
சர்க்கரை வந்த எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் போகும். கூண்டில் விரித்த உமி ஒரே நாளில் நனைந்து அம்மோனியா கண்ணை எரிக்கும். வாரம் இரண்டு முறை மாற்றும் அட்டவணை அதற்கு ஆகாது. கூடுதலாக உமியும் ஆளும் கேட்டால், "புரபோசலில் இல்லையே" என்றார்கள். எங்கள் கால்நடை மருத்துவர் அதைக் கூட்டத்தின் மினிட்ஸில் ஏற்றினார். அடுத்த வாரமே மூட்டை வந்து இறங்கியது. அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். மே மாதம் ஏசி நின்றால் அல்லாடுவது நாங்கள்தான். அனுமதி கொடுத்தவர்களில் அதற்கப்புறம் கூண்டு பக்கம் வந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

டாக்டர் கேட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. ஆய்வாளரின் மொபைல் எண் கூண்டு அட்டையிலேயே இருக்கும். அவர் எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரே முடிவெடுக்கலாம் என்று, எலியை ஒப்படைக்கும்போதே எழுதி வாங்கிவிடுவோம்.