கர்னலில் எதிர்பாராத பிழை: நிறுத்துவதா, ஓடவிடுவதா?

கருங்கல்: லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில், பிழை கண்டதும் ஓட்டத்தை வெட்டும் பக்_ஆன் போடாதே, எச்சரித்துவிட்டு ஓடவிடும் வார்ன்_ஆன் போடு என்று ஆளாளுக்கு ஓதுகிறார்கள். நினைவகம் கெட்டது தெரிந்த பிறகும் ஓடவிட்டால் அந்தக் குப்பைதான் வட்டில் எழுதப்படும். போன தரவு திரும்பாது. நிறுத்துவதே நேர்மை.

நிரலன்: பக்_ஆன் இயந்திரத்தை நிறுத்தும் என்று யார் சொன்னது? ஊப்ஸ் (கர்னல் பிழை முறிவு) வந்தால் பேனிக் ஆகி மொத்தமாக நிற்பதா என்று சொல்லும் பேனிக்_ஆன்_ஊப்ஸ் அமைப்பு 0 என்றால் பெரும்பாலும் அந்த ஒரு புராசஸ்தான் (ஓடும் நிரல்) சாகும். அது பிடித்திருந்த மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) பூட்டியபடியே கிடக்கும். அதற்காக வரும் அடுத்த புராசஸ் எல்லாம் டி நிலையில், அதாவது எழுப்ப முடியாத காத்திருப்பில், தொங்கும். கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கட்டளை கொடுத்தாலும் அசையாது. 120 விநாடி கழித்துப் பதிவேட்டில் ஒரு புலம்பல் வரும், அவ்வளவுதான். பூட்டை யார் திறப்பது?

கருங்கல்: பேனிக்_ஆன்_ஊப்ஸை 1 என்று வையுங்கள். மறுதொடக்கம் ஆகும், பூட்டும் போகும்.

நிரலன்: பேனிக் ஆனபின் எத்தனை விநாடியில் மறுதொடங்குவது என்று சொல்லும் கர்னல்.பேனிக் 0 என்றிருந்தால் மறுதொடக்கமும் ஆகாது, உறைந்து நிற்கும். இதெல்லாம் நிர்வாகியின் முடிவு. கர்னலுக்குள் ஓடும் டிரைவர் நிரலை எழுதுபவர் ஏன் எடுக்க வேண்டும்? ஒருமுறை மட்டும் எச்சரிக்கும் வார்ன்_ஆன்_ஒன்ஸ் போடுங்கள், பூட்டைத் திறங்கள், பிழை எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். நிற்க விரும்புபவர், எச்சரிக்கை வந்தாலே நிறுத்தும் பேனிக்_ஆன்_வார்ன் வைத்துக்கொள்வார். 2016 அக்டோபரில், லினக்ஸ் 4.8 பதிப்பு வெளிவந்த கையோடு, புதிதாக நுழைந்த பக்_ஆன் வரிகளுக்காகத்தான் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கொதித்தார்.

கருங்கல்: அவர் கொதித்தால் வேதமா? குப்பை வட்டுக்குப் போகுமா, போகாதா?

தென்றல்: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கோப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. உங்கள் நேர்மையை விமான நிலையத்தில் தவித்தவர்களிடம் சொல்லுங்கள்.

கருங்கல்: நினைவக எல்லை தாண்டிப் படித்த டிரைவரின் குற்றம் அது. விண்டோஸ் நின்றது சரி.

தென்றல்: விண்டோஸுக்கு வக்காலத்து வாங்குவது உங்களுக்குப் புதிதல்ல. 



நிரலன்: அந்தச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை யார் திறப்பது?

கருங்கல்: ஓடவிடுவது பாதுகாப்பு என்றால் லினக்ஸ் 6.2 பதிப்பில் ஊப்ஸ்_லிமிட் என்ற வரம்பு எதற்கு வந்தது? 10,000 ஊப்ஸ் ஆனால் பேனிக்.

நிரலன்: ஊப்ஸில் செத்த புராசஸ், ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பு எண்ணிக்கையைக் குறைக்காமலே போகிறது. அது திரும்பத் திரும்ப ஏறி நிரம்பி வழிந்தால் தாக்குபவனுக்கு வழி திறக்கும். அதைத் தடுக்கத்தான் வந்தது. விடப்பட்ட பூட்டும் அதே கதை. எனக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

கருங்கல்: குப்பை வட்டுக்குப் போகுமா, போகாதா? அதற்கு ஒரு வரி பதில் கொடுங்கள்.

நிரலன்: பூட்டுக்கு முதலில் நீங்கள் கொடுங்கள்.