குடிமையியலை வாசிக்க வைத்து, எழுத வைத்து நடத்துவது எப்படி? (இடுக்கி, தமிழ் மீடியம்)

தேவிகுளம்_டீச்சர் கேட்டது:

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குப் பஞ்சாயத்து ஆட்சியும் கூட்டாட்சியும் நடத்த வேண்டும். "கிராமசபையின் முக்கியத்துவத்தை விளக்குக" என்று கேட்டால் எல்லா நோட்டிலும் கைடில் இருக்கிற அதே பத்திதான் வருகிறது. பிள்ளைகள் தாமாக யோசித்து எழுத எப்படிக் கேட்பது? ஒரு பாடத்துக்கு நாலு பீரியடுதான். பஞ்சாயத்துக் காகிதமெல்லாம் மலையாளத்தில் இருக்கிறது, பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_மாஷ்:

டீச்சர், கோளாறு கேள்வியில் இருக்கிறது. முக்கியத்துவம் கேட்டால் புகழ்ந்து எழுதத்தான் முடியும், அதற்குக் கைடு போதும். விடை ஒரு முடிவாக வரவேண்டும். அந்த முடிவுக்கான ஆதாரம் பிள்ளையின் கையிலிருக்கும் தாளிலேயே இருக்க வேண்டும்.

எல்லைப் பிள்ளைகளுக்கு அருமையான கேள்வி ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது. தேனிப் பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சித் தலைவருக்கு மக்கள் நேராக ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே நாம் வார்டு மெம்பரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மெம்பர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். ஒரே அரசியலமைப்பின் கீழ் இது எப்படி? விடை 243சி பிரிவின் 5ஆம் உட்பிரிவில் இருக்கிறது: கிராம அளவில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம். வட்டார, மாவட்ட அளவில் அந்த விருப்பம் கிடையாது, உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் பீரியடில் அந்த உட்பிரிவையும், 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் கிராமசபை பற்றி வரும் 3ஆம் பிரிவின் சில வரிகளையும் அரைப்பக்கத்துக்கு மிகாமல் தமிழில் கொடுங்கள். சட்ட வாக்கியம் நீளமானது. அதை மூன்று நான்கு வரியாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள்; சொல்லை மட்டும் எளிதாக்கிவிடாதீர்கள், எளிதாக்கினால் நிபந்தனைகள் உதிர்ந்துபோகும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நோட்டில் மூன்று கட்டம் நிரப்பட்டும்: யாருக்கு அதிகாரம், எதைச் செய்ய, என்ன நிபந்தனையோடு. ஒவ்வொரு பதிலுக்கும் வரி எண் கட்டாயம். 3ஆம் பிரிவை இப்படி வாசித்தால், இங்கே கிராமசபை வார்டுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், கூட்டுகிறவர் அந்த வார்டு மெம்பர் என்பதெல்லாம் நீங்கள் சொல்லாமலே அவர்கள் கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் பீரியடில் கேள்வி: "தலைவரை மக்களே தேர்ந்தெடுப்பது மேலா, மெம்பர்கள் தேர்ந்தெடுப்பது மேலா?" ஆறேழு வாக்கியம் போதும். முதலில் முடிவு, பிறகு ஆதார வரி, அது எப்படித் துணை நிற்கிறது, எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அதற்குப் பதில். மூன்றாவதில் நோட்டு மாற்றி வாசித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதட்டும். நான்காவதில் திருத்தி எழுதுவது. திருத்தி எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், சிந்தனை தெளிவது அங்கேதான்.

பெரும்பாலும் தப்பு நேர்வது ஓர் இடத்தில். "தமிழ்நாட்டு முறை அரசியலமைப்புக்கு விரோதம்" என்றோ, "நம் முறை விரோதம்" என்றோ எழுதிவிடுவார்கள். சிவப்பு மையால் அடிக்காமல், எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். அந்த வரியைத் தேடிப் போகிற பிள்ளை கூட்டாட்சியையும் சேர்த்துப் படித்துவிடும்.

மறையூர்_வாசகர்:

இதோடு ஒரு மனுவும் எழுத வையுங்கள். மனுவில் மொழிநடையை விட முகவரிதான் பாடம். தெருவிளக்கு எரியாததற்கும் முதலமைச்சருக்கே எழுதுவார்கள். முதலில் ஐந்து குறைகளைக் கொடுத்து யாரிடம் போவது என்று பிரிக்கச் சொல்லுங்கள்: தெருவிளக்கு பஞ்சாயத்துக்கு, அறுந்த மின்கம்பி மின்வாரியத்துக்கு, ரேஷன் கார்டில் பெயர்ப் பிழை தாலுக்கா சப்ளை ஆபீஸுக்கு, நில வரி வில்லேஜ் ஆபீஸுக்கு. ஐந்தாவது லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) ஒழுகும் கூரை. அதில்தான் குழம்புவார்கள், தோட்டத் தொழிலாளிக்கு வீடும் குடிநீரும் தருவது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமையாக வந்திருக்கிறது. பஞ்சாயத்தா, கம்பெனியா, லேபர் ஆபீஸா என்று வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடக்கட்டும்.

மனு நாலே பத்தி: எந்த வார்டில் எந்த இடம், எப்போதிலிருந்து, யாருக்கு என்ன பாதிப்பு, என்ன செய்ய வேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடித்தால் திருப்பிக் கொடுங்கள். என்ன நடவடிக்கை என்று எழுதாத மனுவுக்கு உருப்படியான பதிலை எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகளுக்குக் கிராமசபையில் ஓட்டில்லை. ஆனால் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுய உதவி அமைப்பு பிள்ளைகளுக்காக நடத்தும் பாலசபை இருக்கிறது, அங்கே அவர்களே வாசிக்கலாம்.

நகரி_தமிழாசிரியர்:

ஆந்திரத்தில் சர்பஞ்சை மக்கள் நேராகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மாஷ் சொன்ன ஒப்பீட்டில் மூன்றாவது மாநிலமாக இதையும் சேர்க்கலாம்.

ஆபீஸ் காகிதம் வேறு மொழியில் இருப்பது எங்களுக்கும் உள்ள சங்கடம், இங்கே தெலுங்கு. முழுக் காகிதத்தை வாசிக்க வைக்காதீர்கள், பயந்துவிடுவார்கள். ஒரு கிராமசபை நோட்டீஸ் எடுத்து தேதி, இடம், அஜெண்டா மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக ஆபீஸ் சொற்கள் சேரட்டும். உங்கள் பக்கம் என்றால் அபேட்சைக்கு எதிரே விண்ணப்பம், கரத்துக்கு எதிரே வரி. முதல் பிரதியில் மலையாளச் சொல் கலந்து வந்தால் விட்டுவிடுங்கள், திருத்திய பிரதியில் மாற்றிக்கொள்வார்கள்.

மதிப்பெண் பத்து: ஆதாரத்துக்கு நாலு, சரியான அமைப்பை அடையாளம் கண்டதற்கு மூன்று, எதிர்வாதத்துக்கு இரண்டு, மொழிக்கு ஒன்று. மொழிக்கு ஐந்து வைத்தால் அழகாகக் காப்பியடித்தவரே முதலில் வருவார்.

தேவிகுளம்_டீச்சர்:

மிக்க நன்றி. கூட்டாட்சிப் பாடத்தில் முல்லைப் பெரியாற்றை எடுக்கலாமா? வகுப்பில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருக்கிறது, சண்டையாகிவிடுமோ என்று தயக்கம்.

கொழிஞ்சாம்பாறை_மாஷ்:

எடுங்கள். யார் பக்கம் நியாயம் என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த அமைப்பு என்ன செய்தது என்று கேளுங்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் செய்து 136 அடியில் நிறுத்தியது. மாநிலங்களுக்கிடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்க வழிசெய்யும் அரசியலமைப்பின் 131ஆம் பிரிவின் கீழ் தமிழ்நாடு அங்கே போனது. 2014 மே 7 தீர்ப்பில் அந்தத் திருத்தம் செல்லாது என்றானது. இந்த நாலு வரியும் 131ஆம் பிரிவும் தாளில் போதும். கேள்வி: "நீதிமன்றம் தீர்த்த ஒன்றைச் சட்டமன்றம் சட்டம் போட்டு மாற்றலாமா?" அணை உடையுமா, வயல் காயுமா என்ற பேச்சு வந்தால் அது வேறு பாடம், வேறு ஆதாரம் வேண்டும் என்று சொல்லித் தள்ளி வையுங்கள்.