மாநகர சபையா, பிரதேச செயலகமா? எந்த வேலைக்கு எங்கே போவது?

கேள்வி
வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு மாறுகிறோம். வீடு வாங்கியாயிற்று, பக்கத்திலேயே சின்னச் சாப்பாட்டுக் கடை போடும் எண்ணம். மாநகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சோலைவரிப் (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) பெயர் மாற்றம், கடைப் பதிவு, வதிவிடச் சான்றிதழ் மூன்றுக்கும் எங்கே போக வேண்டும்?

பதில் 1
குழப்பமே பெயரில்தான். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. சபை வாக்குப் போட்டுத் தெரிவானவர்களுடையது: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூன்று வகை, ஓரிடத்துக்கு ஒன்றுதான். இலங்கை முழுக்க 341 சபைகள். செயலகம் அரச நிர்வாகம்: மேலே கச்சேரி (மாவட்ட செயலகம்), அதன்கீழ் பிரதேச செயலகம், அடியில் கிராம சேவகர். அங்கே தேர்தல் இல்லை.

கொழும்பு மாவட்டத்தில் சபைகளும் 13, பிரதேச செயலகங்களும் 13. அதற்காக எல்லையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். கொழும்பு மாநகர சபைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு செயலகங்கள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவோடு சேரும். தெஹிவளை-கல்கிசை மாநகர சபைக்கும் தெஹிவளை, இரத்மலானை என இரண்டு. ஆகவே எந்தச் செயலகம் என்று அறிய முதலில் உங்கள் கிராம சேவகர் பிரிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 2
சோலைவரி தெஹிவளை-கல்கிசை மாநகர சபையில். காணி உறுதி, நில அளவைப் படம் இரண்டின் பிரதியும் கடைசிப் பற்றுச்சீட்டும் வேண்டும். ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: நிலுவை ஆளைத் தொடராது, ஆதனத்தைத்தான் தொடரும். விற்றவர் கட்டாமல் விட்டது உங்கள் தலையில் விழும். முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10% கழிவு. காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5%.

கடைக்கு இரண்டு அலுவலகம். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். வியாபார அனுமதிப்பத்திரம் மாநகர சபையில், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை என்பதால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே வரி இலக்கத்தை (சோலைவரிக்காகச் சபை கட்டடத்துக்குக் கொடுக்கும் இலக்கம்) எழுதுங்கள். ஒன்றில் 12, மற்றதில் 12/1 என்றிருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. வதிவிடச் சான்றிதழ்?

பதில் 3
கிராம சேவகர் எழுதித் தருவார், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இன்னும் வெள்ளவத்தையில்தானே இருக்கும்? பழைய கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டே போங்கள். கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாள் கதவில் ஒட்டியிருக்கும்; மற்ற நாட்களில் அவர் வெளிவேலையில்.