கழுத்துக் கட்டி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால் நானே திறக்கலாமா?

கணக்கு டீச்சர், திருச்சி:

வணக்கம். எனக்கு வயது 41. வீட்டுக்காரர் ஆபீஸில் குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுத்த ஹெல்த் செக்கப்பில் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டில் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி, டைராட்ஸ் 4 (ஸ்கேனைப் பார்த்துக் கட்டிக்குப் போடும் சந்தேகத் தரம்) என்று வந்தது. டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்த டெஸ்ட் நார்மல். டாக்டர் பார்த்துவிட்டு, "எஃப்.என்.ஏ.சி. பண்ணிடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்ப்பது அது. வியாழக்கிழமை ஊசி வைத்து எடுத்தாயிற்று. அடுத்து ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு. திங்கள் மதியம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வரும் என்றார்கள். டாக்டரிடம் டோக்கன் செவ்வாய் மாலைதான்.

ஊசி பெரிதாக வலிக்கவில்லை. இந்த லீவுதான் தாங்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கி, கட்டி ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அமுக்கி அமுக்கி அந்த இடமே கன்றிவிட்டது. கொலு பார்க்க வந்தவர்கள் பிளாஸ்திரியைக் கேட்டால் கொசுக்கடி என்கிறேன். கொசுக்கடிக்கு யார் பிளாஸ்திரி போடுவார்கள்? அத்தைக்கு (மாமியார்) இன்னும் சொல்லவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கியதும் போனை எடுத்துத் தேடுகிறேன். டைராட்ஸ் 4 என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு 5 முதல் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள் நான். மீதி 80க்கு மேல் நல்லதுதான் என்று பிள்ளைகளுக்குப் போர்டில் போட்டுக் காட்டுவேன். எனக்கு அந்த 20 மட்டும்தான் கண்ணில் படுகிறது. சந்தேகம் இல்லாமலா டாக்டர் ஊசி எழுதியிருப்பார் என்றும் ஓடுகிறது.

பிடிஎஃப் வந்ததும் திறக்கலாமா, செவ்வாய் வரை அப்படியே வைக்கலாமா? அதுவரை எப்படி ஓட்டினீர்கள்? "ஒன்றும் இருக்காது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை வீட்டுக்காரர் போதுமான அளவு சொல்லிவிட்டார்.

உறையூர்ப் பையன்:

ஒன்றும் இருக்காது அக்கா. சமயபுரத்தாள் பார்த்துக்கொள்வாள்.

கணக்கு டீச்சர், திருச்சி:

தம்பி, கடைசி இரண்டு வரியைப் படிக்கவே இல்லையா? சமயபுரத்தாளுக்கு மட்டும் நன்றி.

ஸ்லைடுக்காரன்:

டீச்சர், நான் சைட்டாலஜி லேபில், அதாவது செல்களைப் பார்த்துச் சோதிக்கும் லேபில், டெக்னீஷியன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை, ஸ்லைடைத் தயார் செய்கிறவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் "சந்தேகம் இல்லாமலா" விஷயம். டைராட்ஸில் எந்த அளவுக்கு மேல் ஊசி என்பதற்கு ஒரு அட்டவணையே இருக்கிறது. 4 என்றால் 1.5 செ.மீ.யிலிருந்து ஊசி வைக்கச் சொல்கிறது. 3 என்றால் 2.5 செ.மீ. வரை விடுகிறது. உங்களுடையது 1.8. டாக்டர் முகத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்களோ தெரியாது, அட்டவணைப்படி எழுத வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறார்.

இனி தாமதம். எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்து, சிலதைக் காற்றில் உலர்த்தி, சிலதை ஆல்கஹாலில் போட்டு, சாயம் ஏற்றுவோம். அது சில மணி நேர வேலைதான். மீதி நேரம் ஸ்லைடு டாக்டருக்காகக் காத்திருக்கும். பூஜை லீவில் எங்கள் மைக்ராஸ்கோப்புக்கே சந்தனம், குங்குமம் வைத்து மூடியிருக்கிறோம். ரிப்போர்ட் தள்ளிப் போனால் ஏதோ கெட்டதைக் கண்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சில ஸ்லைடை இன்னொரு டாக்டரிடமும் காட்டுவார்கள், அதுவும் வழக்கம்தான்.

பிடிஎஃப்பில் பெதஸ்டா என்று எழுதி 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாதாரணக் கட்டி. பெரும்பாலும் வருவது அதுதான். 6 என்றால் புற்றுநோய். மக்கள் பதறுவது 1, 3 இரண்டையும் பார்த்து. 1 என்றால் போதிய செல் கிடைக்கவில்லை, பெரும்பாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். 3 என்றால் இப்படியும் சொல்ல முடியவில்லை, அப்படியும் சொல்ல முடியவில்லை. இது பள்ளி மார்க் இல்லை டீச்சர், 3 வந்தால் 2-ஐ விடக் கொஞ்சம்தான் மோசம் என்றோ, 6-க்குப் பாதி தூரம் வந்தாயிற்று என்றோ கணக்குப் போட வேண்டாம்.

இன்னொன்று. தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானதும், 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது சுமார் 15 மடங்கு ஆனது. அதனால் இறப்பவர் எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறவில்லை. தேடினால் கிடைக்கும் அளவுக்குச் சிறியதும் மெதுவானதும் இந்த உறுப்பில் நிறைய. நீங்கள் அந்த 20-ல் விழுந்தாலும் அதில் பெரும்பாலானவை நன்றாகக் குணமாகும் வகை.

என் கருத்து: திறக்காதீர்கள். டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.

பீளமேட்டு அம்மணி:

ஸ்லைடுக்காரர் தம்பி சொன்னதெல்லாம் சரிங்க, கடைசி வரியைத் தவிர. போனில் பிடிஎஃப் வந்து கிடக்கும்போது ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் இருக்கிற ஆள் இப்படிக் கேள்வி எழுதமாட்டார். எனக்கு மார்பில் கட்டி, பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். கடைசியில் சாதாரணக் கட்டிதான். ஆனால் அந்த வாரம் பட்டதை என் எதிரிக்கும் சொல்லமாட்டேன்.

திறங்க. தனியாக வேண்டாம், ராத்திரி வேண்டாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடுவிலும் வேண்டாம். பக்கத்தில் அழாத ஆள் ஒருத்தர் இருக்கணும். எனக்கு அது நாத்தனார். வீட்டுக்காரர் சரிப்பட்டு வரமாட்டார் என்று தோன்றினால் அவரை விட்டுவிடலாம், தப்பில்லை.

கழுத்தைத் தொடாதீங்க. ஊசி வைத்த இடத்தை அமுக்கினால் வீங்கும். வீங்கினதைத் தொட்டால் கட்டி வளர்ந்த மாதிரித் தெரியும், உடனே மறுபடி தொடத் தோன்றும். தேடுவதும் அப்படித்தான். பத்து நிமிஷம் நிம்மதி, அப்புறம் முன்னைவிட அதிகமாகத் தேடணும். கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிற மாதிரி. ராத்திரியில் போனை நான் அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவைப்பேன். சிரிக்காதீங்க, எழுந்து போய் அரிசியைக் கிளறுவதற்குள் வெட்கம் வந்துவிடும்.

பயம் மட்டும் ராத்திரியில் ரொம்பப் போனால் டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்க. அரசாங்கத்தோடது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பைத்தியத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லைங்க.

கணக்கு டீச்சர், திருச்சி:

மூன்று பேருக்கும் நன்றி, தம்பியையும் சேர்த்துத்தான். அந்த 1.5 செ.மீ. அட்டவணை எனக்கு ரொம்ப உதவியது. விதி என்று ஒன்று இருந்தால் என் மூளை அடங்கும் போலிருக்கிறது.

இரண்டு பேர் சொன்னதுக்கும் நடுவில் ஒன்று செய்திருக்கிறேன். லேபில் ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை என் எண்ணுக்கு அனுப்பாமல் தங்கை எண்ணுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அவள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள், பேங்க் வேலை, லேசில் பதறமாட்டாள். திங்கள் பள்ளி விட்டதும் நேராக அவள் வீட்டுக்குப் போய் இருவரும் சேர்ந்து திறப்போம். எண் 2 இல்லையென்றால் செவ்வாய் டோக்கனை முன்னால் மாற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேட்பது அவள் பொறுப்பு.

அரிசி டின் எங்கள் வீட்டில் சின்னது. போனைத் துவரம் பருப்பு டப்பாவில் போட்டிருக்கிறேன். அத்தை அதற்குள் பார்த்துவிட்டார், இன்று மாலை அவரிடமும் சொல்லியாக வேண்டும்.

ஸ்லைடுக்காரன்:

நல்ல ஏற்பாடு டீச்சர். செவ்வாய் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் எடுத்துப் போங்கள், பலர் ஃபிலிமை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.