கண் பெருத்த சின்னச் சுறா: தூண்டிலில் கண்டவங்க எழுதுங்க

வாழைச்சேனைப் பொடியன்:
கெளவல்லாவுக்கு (மஞ்சள் துடுப்புச் சூரை மீன்) பின்னேரம் விட்ட தூண்டிலை விடியப்புறம் இழுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு சுறா. நீளம் ஒரு மீட்டர் வரும், சுருட்டு மாதிரி மெலிந்த மண்ணிற உடம்பு, தலைக்குப் பொருந்தாத பெரிய கண். டோச் அடித்தால் பச்சையாக மின்னுது. பலகையில் போட்டதுதான் தாமதம், டக் டக்கென்று வாயால் வெட்டத் தொடங்கிற்று. பக்கத்தில் நின்ற அண்ணனுடைய செருப்பின் நுனி போயிற்று! வாங்க ஆளில்லாத மீன் என்று கடலிலேயே விட்டோம். என்ன சுறா இது?

கல்முனைக் காக்கா:
முதலைச் சுறா தம்பி. பல் மெல்லிசாக, நீட்டு நீட்டாக வெளியே தெரிந்திருக்குமே? 1936இல்தான் ஜப்பான்காரர் ஒருவர் இதைத் தனி இனமாக எழுதினார். பகலில் 200 மீட்டருக்குக் கீழே கிடக்கும், இரவில் இரை தேடி மேலே வரும். அதுதான் உங்களுடைய இராத் தூண்டிலில் மாட்டியிருக்கு. ஆள் சின்னன் என்று பார்க்காதீங்க. 1985இல் கனாரி தீவுகளில் கடலடியில் போட்ட ஃபைபர் ஒப்டிக் கேபிளையே கடித்துப் பழுதாக்கின கூட்டம் இது.

ஓட்டமாவடியான்:
எங்களுக்கும் ஒன்று வந்தது. முதலாளி நடுங்கிப்போனார், தடை செய்த நீட்டு வால் சுறாவின் குட்டியோ என்று. இலங்கையில் 2012இலிருந்து அதைப் பிடிக்கவும் கூடாது, போட்டில் வைத்திருக்கவும் கூடாதுதானே. அதுக்கும் கண் பெரிசு, குழம்பத்தான் செய்யும். ஆனால் வாலைப் பார்த்தால் சரி. அதுக்கு மேல்வால் உடம்பளவுக்கு நீண்டிருக்கும், இதுக்குக் கட்டை.

பாசிக்குடா மச்சான்:
செத்து வந்த ஒன்றை வாடியில் கீறிப் பார்த்தோம். ஈரல்தான் வயிற்றை அடைத்துக் கிடந்தது, ஒரே எண்ணெய். மறுகா பார்த்தால் உள்ளே நாலு குட்டி, பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் வயிறு பலூன் போல ஊதி, உள்ளே மஞ்சள் கரு. தாயின் வயிற்றுக்குள் கருக்கட்டாத முட்டைகளைத் தின்றுதான் வளருதாம். ஒரு சூலுக்கு நாலுதான், அதுக்கு மேலே இல்லை.

கல்முனைக் காக்கா:
அப்போ உயிரோடு வந்தால் மேலே ஏற்றவே வேண்டாம், தண்ணியில் வைத்தே வாயோரமாக நூலை வெட்டி விடுங்க. தூண்டிலைக் கழற்றக் கையை மட்டும் விடாதீங்க. ஒலுவில் பக்கம் யாருக்காவது கிடைத்திருந்தால் படத்தைப் போடுங்க.