நினைவு ‘கன்சாலிடேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,
கல்லூரி உளவியல் நூலின் நினைவாற்றல் அத்தியாயத்தைத் திங்களன்று ஒப்படைக்க வேண்டும். ‘கன்சாலிடேஷன்’ வழிமறிக்கிறது. கற்றது உடனே நிலைப்பதில்லை. கொஞ்ச காலம் தளர்ந்திருந்து பிறகே உறுதிப்படுகிறது. 1900-இல் ஜெர்மன் உளவியல் ஆய்வாளர்கள் ம்யூல்லரும் பில்ட்செக்கரும் கண்டது இது. ஒரு பட்டியலைப் படித்த கையோடு இன்னொன்றைப் படித்தால் முதலாவது மறக்கிறது. இடைவெளி விட்டால் அவ்வளவாக மறப்பதில்லை. ‘வலுவூட்டல்’ வேறொரு கருத்துக்குப் போய்விட்டது.
– மா.

‘நினைவுறைவு’. பால் உறைவதைப் போலத் தானாக, நேரமெடுத்து நடப்பது. உறைதலுக்குத் தங்குதல் என்றும் பொருள்: ‘வானுறையும் தெய்வத்துள்’.
– செ.இரா.

ஐயா, எங்கள் துறையில் உறைவு என்றாலே இரத்த உறைவுதான். மூளையில் உறைவு என்று படித்தால் மாணவர் அவசரப் பிரிவுக்குத் தகவல் சொல்லிவிடுவார். ‘ஞாபகம் பதிதல்’ போதாதா?
– மருத்துவர் த.

பதிதல் முதற்படி. 1953 மூளை அறுவையில், புதிய நினைவுகளை நிலைக்கவைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியில் இருபுறமும் ஒரு பங்கை இழந்த ஹென்றி மொலேசன் என்ற நோயாளி ஓர் எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை வைத்திருந்தார். கவனம் திரும்பியதும் போயிற்று. பதிந்தது நிலைக்கவில்லை. அந்த இரண்டாம் படிக்குத்தான் பெயர் கேட்கிறார். மேலும், ஞாபகம் வடசொல்.
– கு.

வடசொல்லோ என்னவோ, ‘ஞாபகங் கூறல்’ தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது!
– செ.இரா.

அது நூல் எழுதும் உத்தி. அங்கே மூளைக்கு என்ன வேலை? நன்னூலுக்கு வாருங்கள். ‘கேட்டவை கேட்டவை விடாதுளத் தமைத்து’ என்கிறார் பவணந்தியார். கேட்டல் ஒன்று, உளத்தமைத்தல் ஒன்று. எனவே ‘நினைவமைவு’.
– கு.

அமைத்தல் பிறவினை, மாணவன் முயன்று செய்வது. இதுவோ தூக்கத்திலும் நடக்கிறது.
– செ.இரா.

அதனால்தான் அமைப்பு என்னாமல் அமைவு என்றேன். அமைதல் தன்வினை.
– கு.

இலக்கணம் சரி. என் வகுப்பில் ‘நினைவமைவு’ என்றால் நினைவின் கட்டமைப்பு என்றே எழுதிக்கொள்வார்கள். ‘நினைவு நிலைப்படுதல்’ என்றால் விளக்கமே தேவையில்லை. நீளமாக இருந்தால் இருக்கட்டும்.
– பேராசிரியை வ.

நிலைப்படுதலுக்கே என் வாக்கும்.
– மருத்துவர் த.

நானும் இறங்கி வருகிறேன். அமைவை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.
– கு.

நன்றி. நிலைப்படுதல் என்றே அனுப்புகிறேன். அடிக்குறிப்புக்கு இடமில்லை, பொறுத்தருள்க.
– மா.

என் மறுப்பு பதிவாகட்டும். 2000-இல் எலிகளில் செய்த சோதனை, நிலைத்த அச்சநினைவும் மீண்டும் தூண்டப்படும்போது சிறிது நேரம் தளர்கிறது என்று காட்டியது. பிறகு அது மறுபடி கெட்டிப்பட வேண்டும். உறைவு, இளக்கம், மீளுறைவு என்று என் சொல்லில் மூன்றும் வரிசையாக வந்துவிடும். ‘மீள்நிலைப்படுதல்’ என்பதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.
– செ.இரா.

ஐயா, அது அடுத்த அத்தியாயம். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.
– மா.